துணி ஓரத்தில் இருந்த முத்திரை: 'சான்ஃபரைஸ்டு' என்றால் என்ன?

கேள்வி (மதுரை): அப்பாவின் டிரங்குப் பெட்டியில் தைக்காமலே கிடந்த பழைய மில் சட்டைத்துணி ஒன்று கிடைத்தது. ஓரம் நெடுக 'சான்ஃபரைஸ்டு' என்று ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கிறது. இது துணியின் ரகமா, மில்லின் பெயரா? தண்ணீரில் போட்டு எடுத்த பிறகுதான் தைக்கக் கொடுக்க வேண்டுமா?

ரகமும் இல்லை, மில்லின் பெயரும் இல்லை. அது துணிக்குச் செய்யப்பட்ட ஒரு வேலையின் பெயர். நெய்து, வெளுத்து, சாயமேற்றி முடித்த துணியை, கடைக்கு அனுப்பும் முன் மில்லிலேயே நீளவாக்கில் நெருக்கிச் சுருக்கிவிடுவார்கள். வீட்டில் முதல் சலவையில் சுருங்க வேண்டியது அங்கேயே சுருங்கி முடிந்துவிடும். அந்த வேலைக்குச் சான்ஃபரைசிங் என்று பெயர்.

பெயர் வந்தது ஒரு மனிதரிடமிருந்து. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து டிராய் நகரில் இருந்த கிளூவெட், பீபாடி கம்பெனி 'ஆரோ' காலர்களுக்கும் சட்டைகளுக்கும் பேர்போனது. அங்கே 1919-இல் சேர்ந்த பொறியாளர் சான்ஃபோர்ட் கிளூவெட் (1874–1968) இந்த முறையை 1920-களின் பிற்பகுதியில் உருவாக்கினார். 1930-களில் அது ஊர் ஊராகப் பரவியது. சான்ஃபோர்ட் என்ற பெயரின் கடைசி எழுத்தைத் தள்ளிவிட்டுச் சேர்த்த சொல்தான் சான்ஃபரைஸ்டு.

அந்தக் கம்பெனிக்கு இது ஏன் அத்தனை அவசரமாகத் தேவைப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு முன் ஆண்கள் சட்டைக்குக் காலர் தனி. கஞ்சி போட்டு விறைப்பாக்கிய காலரைப் பொத்தானால் மாட்டிக்கொள்வார்கள். முதல் உலகப்போருக்குப் பிறகு காலரோடு சேர்த்துத் தைத்த மென்மையான சட்டை வழக்கத்துக்கு வந்தது. 40 செ.மீ. கழுத்துக் காலர் 5 சதவீதம் சுருங்கினால் 38 செ.மீ. ஆகிவிடும், பொத்தானைப் போட்டால் மூச்சு முட்டும். சுருக்கத்தை 1 சதவீதத்துக்குள் நிறுத்தினால் குறைவது வெறும் 4 மி.மீ.; கழுத்துக்கு அது தெரியாது.

வேட்டியும் சேலையும் உடுத்தும் நாட்டில் சுருக்கம் பெரிய குறையாகவே இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 4 முழ வேட்டி ஒரு சாண் குறைந்தாலும் கட்டிக்கொள்ளலாம். அளவெடுத்துத் தைத்த சட்டையும் கால்சட்டையும் வந்த பிறகுதான் நம் ஊரிலும் இந்த முத்திரைக்கு மதிப்பு வந்தது. 1950, 60-களின் இந்திய மில் துணி விளம்பரங்களில் இந்தச் சொல்லைப் பார்க்கலாம். பதிவு செய்த வணிகக் குறி என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ள முடியாது. சுருக்கச் சோதனையில் தேறிய துணிக்கு மட்டுமே போட அனுமதி.

உங்கள் துணிக்கு வருவோம். மடித்து வைத்திருந்ததால் சான்ஃபரைசிங் கலைந்திருக்காது. சுருக்கத்துக்காக நனைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒருமுறை நனைத்துவிடுங்கள். காரணம் வேறு: பழைய கஞ்சி, தூசி, பூச்சி முட்டை. அதற்கும் முன் துணியை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். நெடுநாள் ஒரே மடிப்பில் கிடந்த பருத்தி அந்த இடத்தில்தான் முதலில் இற்றுப்போகும். மடிப்பின் இருபுறமும் கட்டைவிரலை வைத்து மெல்ல இழுங்கள். 'சர்' என்று கிழியும் ஓசை வந்தால், அந்தக் கோடுகள் தோளிலும் முதுகிலும் விழாதபடி வெட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு, நெசவுத் தொழில்நுட்ப மாணவி): பருத்தி இழை தண்ணீரில் ஊறினால் பருக்கத்தானே செய்யும்? பருக்கும் பொருளால் துணி எப்படிச் சுருங்கும்?

நல்ல கேள்வி. விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது: இழை பருப்பதால்தான் துணி சுருங்குகிறது.

நீளவாக்கில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை நூலின் மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் போகிறது. தண்ணீரில் ஊடை நூல் பருத்தால், அதைச் சுற்றி ஏறி இறங்கப் பாவுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். நூலின் நீளமோ அதே அளவுதான். அதனால் ஊடைகள் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. இழையின் நீளம் ஏறக்குறைய மாறாமலே துணியின் நீளம் குறைகிறது. ஒரு கயிற்றை மெல்லிய குச்சிகளுக்கிடையே வளைத்து விட்டுப் பாருங்கள். பிறகு குச்சிகளுக்குப் பதில் கட்டைவிரல் பருமன் கம்புகளை வையுங்கள். கயிறு போதாமல் முனைகள் உள்ளே வரும்.

இன்னொரு காரணம் இழுவை. தறியில் பாவு விறைப்பாக நிற்கிறது. அதன் பின் வெளுப்பு, சாயம், ஸ்டென்டர் (இரு ஓரத்தையும் பிடித்து விரித்து உலர்த்தும் எந்திரம்), கேலண்டரிங் (உருளைகளுக்கு நடுவே அழுத்தி மெருகேற்றுவது) என்று ஒவ்வொரு இடத்திலும் துணியை நீளவாக்கில் இழுத்துக்கொண்டே போகிறார்கள். இழுத்த நிலையிலேயே உலர்த்துகிறார்கள். அந்த இழுப்பு துணிக்குள் தங்கிவிடுகிறது. சலவைத் தண்ணீர் பட்டதும் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தம் இயல்பு நிலைக்குத் திரும்புகின்றன. நெய்த பருத்தியில் பெரும்பாலும் அகலத்தைவிட நீளம் அதிகம் சுருங்குவது இதனால்தான்.

துணியை இஸ்திரி போட்டு இழுத்தால் பழைய நீளம் வருவதுபோல் தோன்றும். அடுத்த முறை நனைந்ததும் மறுபடி சுருங்கிவிடும்.

கேள்வி (ஈரோடு, அதே மாணவி): சான்ஃபரைசிங் எந்திரம் துணியை எப்படிச் சுருக்குகிறது? எது தவறினால் துணி கெடும்?

எந்திரத்தின் உயிர் ஒரு கனத்த ரப்பர் பட்டை. பொதுவாக 6 முதல் 7 செ.மீ. கனம் இருக்கும். பிள்ளைகளின் கனமான அழிப்பான் ஒன்றை எடுத்து வில்போல் வளையுங்கள், வெளிப்பக்கம் நீள்கிறது. அதே அழிப்பானை எதிர்ப்புறமாக வளைத்தால், நீண்டிருந்த அந்தப் பக்கமே இப்போது குறுகுகிறது. பட்டையும் அப்படித்தான். முதலில் ஓர் உருளையின் மேல் வளைந்து போகும்போது அதன் வெளிமுகம் நீண்டிருக்கும். அந்த இடத்தில் ஈரத்துணி அதன்மேல் படிகிறது. உடனே பட்டை, நீராவியால் சூடேறிய பெரிய உருளையை அணைத்தபடி எதிர்ப்புறம் வளைகிறது. நீண்டிருந்த முகம் குறுகுகிறது. பட்டைக்கும் சூடான உருளைக்கும் நடுவே சிக்கிய துணி விலகிப் போக வழியில்லை. பட்டையோடு சேர்ந்து அதுவும் நெருங்கிக் குறுகுகிறது. உருளையை நோக்கி இருக்கும் அழுத்தத்தைக் கூட்டக் கூட்டச் சுருக்கமும் கூடும்.

வேலை தொடங்குவது எந்திரத்தில் இல்லை, சோதனை மேசையில். துணியில் ஒரு துண்டு வெட்டி, குறி போட்டு, முழுச் சலவை செய்து உலர்த்தி அளக்க வேண்டும். நீளத்தில் 8 சதவீதம், அகலத்தில் 3 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்திரத்தை அந்த 8-க்கு வைக்கிறார்கள். ரப்பர் பட்டை நீளத்தை மட்டுமே சுருக்கும். அகலத்தைக் கிளிப் சங்கிலியில் பிடித்து, சலவைக்குப் பின் எந்த அகலத்தில் நிற்குமோ அந்த அகலத்துக்கு முன்பே கொண்டுவந்துவிட வேண்டும்.

அடுத்தது ஈரம். இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். துணி பட்டைக்குள் போகும்போது 10 முதல் 15 சதவீதம் ஈரம் சீராக இருக்க வேண்டும். காய்ந்த துணியில் நூல் வழுக்காது. நெருங்குவதற்குப் பதில் மேலே மடங்கித் தோல் சுருங்கினாற்போல் வரிவரியாக நிற்கும். ஈரம் மிகுந்தால் சுருக்கம் உள்ளே நிலைக்காது. உலர்த்தும் பகுதியில் விரிந்துவிடும். ஓரம் ஒரு மாதிரி, நடு ஒரு மாதிரி ஈரமாக இருந்தால் துணி அலையலையாக வரும். அதனால் தண்ணீர் தெளித்த பிறகு நீராவி உருளைமேல் ஓட்டி, ஈரம் இழைக்குள் இறங்க நேரம் கொடுக்கிறார்கள்.

பட்டையிலிருந்து வெளிவரும் துணிக்கு நெருக்கம் இருக்கும், நிலை இருக்காது. உடனே கம்பளி ஃபெல்ட்டுக்கும் பெரிய சூடான உருளைக்கும் நடுவே அணைத்து உலர்த்த வேண்டும். இந்தப் பகுதிக்கு மில்களில் பாமர் என்று பெயர். இங்கே ஃபெல்ட்டின் வேகம் பட்டையின் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடினாலும், அத்தனை பாடுபட்டுச் சுருக்கிய துணி மறுபடி இழுபட்டுவிடும். சுருக்க அளவைச் சரியாக வைத்தும் சோதனையில் தேறவில்லை என்றால், நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது இந்த வேக வித்தியாசத்தைத்தான். அதன் பின் துணியைத் தளர்வாக மடிக்க வேண்டும். இறுக்கிச் சுற்றினாலும் பலன் போகும்.

ரப்பர் பட்டை ஒரு தனி உலகம். சூட்டில் அதன் முகம் நாளடைவில் இறுகிக் கண்ணாடிபோல் பளபளக்கும். அப்போது துணி பட்டையோடு ஒட்டாமல் வழுக்கும். சுருக்கம் சீராக இராது, கோடுகள் விழும். பட்டையின் முகத்தை மெல்லியதாகத் தேய்த்தெடுத்தால் புதுமுகம் வரும். ஒவ்வொரு தேய்ப்பிலும் கனம் குறைகிறது. கனம் குறைந்தால் பட்டை தரக்கூடிய சுருக்கமும் குறைகிறது. அதனால் கண்டபடி தேய்க்கக் கூடாது. பட்டை ஓடும்போதே தண்ணீர் தெளித்துக் குளிர்விக்க வேண்டும். மின்சாரம் போய் எந்திரம் நின்றால், முதல் வேலை அழுத்தத்தை விடுவித்துப் பட்டையைச் சூடான உருளையிலிருந்து பிரிப்பது. நின்ற இடத்திலேயே விட்டால் ரப்பர் வெந்து, அந்த ஒரு கோடு ஒவ்வொரு சுற்றிலும் துணியில் பதியும்.

சான்ஃபரைசிங் எப்போதும் கடைசி வேலை. அதற்குப் பிறகு துணியை ஸ்டென்டரில் இழுத்தால் எல்லாம் வீண்.

கேள்வி (கரூர்): கடையில் 'ப்ரீ ஷ்ரங்க்' என்று எழுதிய துணி வாங்கினேன். தைத்துத் துவைத்ததும் சட்டை ஒரு அங்குலம் ஏறிவிட்டது. சான்ஃபரைஸ்டும் ப்ரீ ஷ்ரங்க்கும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. 'ப்ரீ ஷ்ரங்க்' என்பது 'முன்பே சுருக்கப்பட்டது' என்று மட்டும் சொல்கிறது. எவ்வளவு சுருக்கினார்கள், இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்லவில்லை. 8 சதவீதம் சுருங்க வேண்டிய துணியை 4 சதவீதம் சுருக்கியிருந்தாலும் அந்தச் சொல் பொய்யாகாது. மிச்சமிருக்கும் 4 சதவீதம் உங்கள் சட்டையில் தெரியும். 75 செ.மீ. நீளச் சட்டையில் 4 சதவீதம் என்றால் 3 செ.மீ.; நீங்கள் சொல்லும் அந்த ஒரு அங்குலத்துக்கும் சற்றுக் கூடுதல். சான்ஃபரைஸ்டு முத்திரைக்கு மதிப்பு வந்ததே எண்ணால்தான்: மிச்சச் சுருக்கம் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஏன் முழுதாகச் சுருக்குவதில்லை? துணி மீட்டர் கணக்கில் விற்கிறது. 8 சதவீதம் சுருக்கினால் 1,000 மீட்டர் துணி 920 மீட்டராகும். 80 மீட்டர் விற்பனை போகிறது. துணி காணாமல் போகவில்லை, அடர்ந்திருக்கிறது என்பது உண்மை: அங்குலத்துக்கு 60 ஊடை இருந்த இடத்தில் 65 இருக்கும்; சதுர மீட்டருக்கு 150 கிராம் இருந்தது 163 கிராம் ஆகும். ஆனால் அந்த அடர்த்திக்கு மீட்டர் விலையைக் கூட்டிக் கேட்டால் வாங்குபவர் முகம் சுளிக்கிறார். சுருக்காத துணியின் மலிவு பாதி வேடம்தான். முதல் சலவையில் அந்த 80 மீட்டர் எப்படியும் குறையப் போகிறது. குறைவது யார் வீட்டுக் கொடியில் என்பதுதான் வித்தியாசம்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி 'சுருங்குமா?' என்பதல்ல, எல்லோரும் 'சுருங்காது' என்றுதான் சொல்வார்கள். 'மிச்சச் சுருக்கம் எத்தனை சதவீதம்?' என்று கேளுங்கள். எண் சொல்லத் தெரியாவிட்டால், சுருக்காத துணி என்று எண்ணியே வாங்குங்கள்.

கேள்வி (கும்பகோணம், தையல் கடை நடத்துபவர்): வாடிக்கையாளர் கொண்டுவரும் துணி எவ்வளவு சுருங்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எவ்வளவு கூடுதலாக வாங்கச் சொல்வது?

நாலு பக்கமும் ஒரு சாண் மிச்சம் விட்டு 50 செ.மீ. குறி போடும் அளவுக்கு ஒரு துண்டு வெட்டக் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் முழுத் துணியிலேயே குறி போடலாம். துணியை மேசைமேல் இழுக்காமல் பரப்பி, ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, நீளவாக்கில் 50 செ.மீ., அகலவாக்கில் 50 செ.மீ. இடைவெளியில் நூலால் தையல் குறி போடுங்கள். பேனாக் குறி சலவையில் போய்விடும். நீளத்தில் மூன்று இடம், அகலத்தில் மூன்று இடம் குறித்துச் சராசரி எடுத்தால் ஏமாற்றம் குறையும்.

வெட்டிய ஓரம் பிசிறாமல் ஓவர்லாக்கோ ஜிக்ஜாக்கோ அடித்துவிடுங்கள். வாடிக்கையாளர் வீட்டில் எப்படித் துவைப்பாரோ அப்படியே துவைக்க வேண்டும். வாஷிங் மெஷின் என்றால் மெஷினில். வெறும் தண்ணீரில் முக்கி எடுத்தால் முழுச் சுருக்கம் வெளிவராது. வெதுவெதுப்பான தண்ணீரில் குறைந்தது அரை மணி நேரம் ஊறட்டும். முறுக்கிப் பிழிய வேண்டாம். கொடியில் தொங்கவிட்டால் ஈர எடையே துணியை நீளவாக்கில் இழுத்துவிடும், அளவு பொய்யாகும். கட்டிலில் ஒரு விரிப்பின்மேல் பரப்பி உலர்த்துங்கள். லேசான ஈரம் இருக்கும்போது இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். தள்ளித் தேய்த்தால் துணி நீளும்.

50 செ.மீ. குறி 46 ஆகிவிட்டால் 4 செ.மீ. குறைவு, அதாவது 8 சதவீதம்.

இனிக் கணக்கு. இங்கேதான் அனுபவசாலிகளும் தவறுகிறார்கள். தைக்க 2.50 மீட்டர் வேண்டும், சுருக்கம் 8 சதவீதம் என்றால், 2.50-இன் 8 சதவீதமான 20 செ.மீ. சேர்த்து 2.70 வாங்கச் சொல்கிறார்கள். 2.70 மீட்டர் 8 சதவீதம் சுருங்கினால் 2.484 தான் மிஞ்சும், ஒன்றரை செ.மீ. போதாது. சரியான வழி: வேண்டிய அளவை 0.92-ஆல் வகுக்க வேண்டும். 2.50-ஐ 0.92-ஆல் வகுத்தால் 2.717. ஆக 2.75 வாங்கச் சொல்லலாம். சுருக்கம் 5 சதவீதம் என்றால் 0.95-ஆல் வகுக்கவும், 10 என்றால் 0.90-ஆல். அகலமும் குறையும் என்பதை மறக்க வேண்டாம். 90 செ.மீ. அகலத் துணி 3 சதவீதம் குறைந்தால் 87 ஆகும்; பெரிய உடம்புக்காரர் சட்டைக்கு அது போதாமல் போகலாம்.

ஒரு முறை துவைத்தால் சுருக்கம் முடிந்துவிடாது. பெரும்பகுதி முதல் சலவையில் வந்துவிடும். மீதி அடுத்த நாலைந்து சலவைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இரண்டு முறை நனைத்து, இரண்டாவது முறை அளவு அரை சதவீதத்துக்கும் குறைவாக மாறினால் வெட்டத் தொடங்கலாம்.

துணியைச் சரியாக நனைத்துவிட்டு, காலருக்குள் வைக்கும் பக்ரத்தை அப்படியே வைப்பவர்கள் உண்டு. பக்ரம் சுருங்கினால் காலரின் மேல்துணி கொப்புளம்போல் எழும்பும். மேல்துணி சுருங்கி, பக்ரம் சுருங்காவிட்டால் காலர் சுருண்டு நிற்கும். இரண்டும் ஒரே நிலையில் இருக்க வேண்டும்.

கடையில் கனமாகத் தெரிந்த துணி சலவைக்குப் பின் சல்லடையாகிவிட்டது என்ற புகாரும் வரும். அது வேறு, கஞ்சி. துணியின் மூலையில் ஒரு சொட்டு டிங்சர் அயோடின் விட்டுப் பாருங்கள். கருநீலமானால் மாவுக் கஞ்சி ஏறியிருக்கிறது. துணி நிச்சயம் மெலியும்.

கேள்வி (திருநெல்வேலி): மெர்சரைஸ்டு என்றும் போடுகிறார்களே, அதுவும் சுருக்கம் போக்குவதற்குத்தானா? ரவிக்கைத் துணியில் 'டூ பை டூ' என்பது என்ன?

மெர்சரைசிங் பளபளப்புக்கும் சாயம் ஆழமாகப் பிடிப்பதற்கும் செய்யப்படுவது. அதனுடைய கதை சுருக்கத்தில்தான் தொடங்குகிறது என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது இயல்பே. இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த ஜான் மெர்சர் (1791–1866) காஸ்டிக் சோடாவைப் பருத்தித் துணியில் வடிகட்டியபோது துணி தடித்து, நெருங்கி, சுருங்கியதைக் கண்டார். 1850-இல் காப்புரிமை பெற்றார். துணி கால்வாசி அளவுக்குச் சுருங்கியதால் நெசவாலைகள் அதை விரும்பவில்லை. ஏறக்குறைய 40 ஆண்டு கழித்து ஹோரேஸ் லோ என்பவர், காஸ்டிக்கில் இருக்கும்போதே துணியைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்தால் பட்டுபோல் பளபளக்கிறது என்று காட்டினார். அதன் பிறகுதான் அந்தத் தொழிலே எழுந்தது.

அவரைக்காய்போல் தட்டையாக, முறுக்கிக் கிடக்கும் பருத்தி இழை காஸ்டிக்கில் பருத்து உருண்டையாகிறது, முறுக்கு அவிழ்கிறது. உருண்டையான வழவழப்பான முகத்தில் வெளிச்சம் சீராகப் பட்டுத் திரும்புவதுதான் அந்தப் பளபளப்பு. காஸ்டிக் வலிமை 20 முதல் 25 சதவீதம், வெப்பம் 15 முதல் 20 டிகிரி, நேரம் ஒரு நிமிடத்துக்கு உட்பட்டு. காஸ்டிக் பெருமளவு கழுவிப் போகும்வரை இழுவையைத் தளர்த்தக் கூடாது. அவசரப்பட்டு விட்டால் துணி சுருங்கும், பளபளப்பும் மங்கும். இழுத்துப் பிடித்தே செய்வதால் மெர்சரைஸ்டு துணிக்குத் தனியாகச் சான்ஃபரைசிங்கும் தேவை. சில பழைய துணிகளில் இரண்டு முத்திரையும் சேர்ந்து இருப்பது அதனால்தான்.

'டூ பை டூ' என்றால் பாவு, ஊடை இரண்டுமே இரட்டை இழை முறுக்கிய நூல். சுருக்கத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கேள்வி (தஞ்சாவூர்): புதுச் சேலைக்கு ஃபால்ஸ் வைத்தேன். ஒரு சலவையில் கீழ்க்கரை கொசகொசவென்று சுருங்கிவிட்டது. சேலை கெட்டுவிட்டதா?

சேலை நன்றாகத்தான் இருக்கிறது, சுருங்கியது ஃபால்ஸ். அது ஓரமடித்த பருத்திப் பட்டை, சான்ஃபரைசிங் பார்த்திருக்காது. 3 மீட்டர் ஃபால்ஸ் 5 சதவீதம் சுருங்கினால் 15 செ.மீ. குறையும். சேலை சுருங்காமல் ஃபால்ஸ் மட்டும் சுருங்கும்போது, அந்த 15 செ.மீ. மிச்சம்தான் கொசகொசப்பாக நிற்கிறது. பாலியெஸ்டர் சேலைக்குப் பருத்தி ஃபால்ஸ் வைத்தால் இது அப்பட்டமாகத் தெரியும்.

தையலைப் பிரித்து ஃபால்ஸை எடுங்கள். சேலைக் கரையை இஸ்திரி போட்டால் நேராகிவிடும். ஃபால்ஸ் ஏற்கெனவே ஒருமுறை சுருங்கிவிட்டதால் அதையே மறுபடி வைக்கலாம். நீளம் போதாவிட்டால் புதிது வாங்குங்கள். புது ஃபால்ஸின் மடிப்பை முழுதாகப் பிரித்து இரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். சாயம் விடுகிறதா என்று அந்தத் தண்ணீரிலேயே தெரிந்துவிடும். தைக்கும்போது ஃபால்ஸை இழுத்துப் பிடிக்க வேண்டாம். சேலைமேல் தளர்வாகப் படுத்திருக்கட்டும். ரவிக்கை லைனிங்குக்கும் இதே வைத்தியம்தான்.

கேள்வி (சென்னை): சில ஜீன்ஸ்களில் 'அன்சான்ஃபரைஸ்டு' என்று பெருமையாகப் போட்டு அதிக விலைக்கு விற்கிறார்களே?

தறியிலிருந்து இறங்கியபடியே, நெருக்காமல் தைத்த டெனிம் அது. துணியின் முரட்டு முகம் மாறாமல் இருப்பதும், உடுத்துபவர் உடம்புக்கு ஏற்பச் சுருங்கி அமர்வதும் பிடித்தவர்கள் வாங்குகிறார்கள். லீவைஸ் 501-இல் 'ஷ்ரிங்க் டு ஃபிட்' என்ற வகை இதுதான். 10 சதவீதம் வரை சுருங்கக்கூடும்: 32 அங்குலக் கால் நீளம் 29 அங்குலத்துக்கு வந்துவிடலாம். அதனால் நனைக்காமல் கால் நீளத்தை வெட்டி மடித்துத் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் உள்புறம் வெளியே வரத் திருப்பி, வெதுவெதுப்பான தண்ணீரில் 45 நிமிடம் முழுதாக அமிழ்த்தி வையுங்கள். மிதக்கும் இடத்தில் சுருக்கம் ஒரு மாதிரி, அமிழ்ந்த இடத்தில் ஒரு மாதிரி ஆகும். பிழியாமல் இடுப்பைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். நீலம் வடியும், கீழே வெள்ளைத் துணி எதுவும் இருக்கக் கூடாது.

கால் தையல் முன்பக்கமாக முறுக்கி வருவதும் இந்த வகையில் உண்டு. டெனிம் சாய்வரி நெசவு. தளரும்போது ஒரு பக்கமாகக் கோணும். சாதாரண ஜீன்ஸ் துணியை மில்லிலேயே முன்கூட்டிக் கோணலாக்கிப் பிறகு சான்ஃபரைஸ் செய்வார்கள். அதனால் அதில் முறுக்கு குறைவு.

கேள்வி (திருப்பூர்): பனியன் துணியைச் சான்ஃபரைஸ் செய்யலாமா? கம்பளி, விஸ்கோஸ், பாலியெஸ்டர்?

பனியன் துணி பின்னல். பாவும் ஊடையும் இல்லை, கண்ணிகள்தான். அதற்கென்று உங்கள் ஊரிலேயே ஓடும் கம்பாக்டிங் எந்திரம் இருக்கிறது. நீளவாக்கில் கண்ணிகளை நெருக்கும் அதே எண்ணம்தான், எந்திரம் வேறு. பின்னல் துணி நெசவைவிட எளிதில் இழுபடும் என்பதால், கம்பாக்டிங் முடிந்த துணியை வெட்டும் மேசையில் விரித்து ஓரிரவு தளரவிட்டு, மறுநாள் வெட்டுவது நல்லது. ரோலிலிருந்து உருவியவுடன் வெட்டினால் தைக்கும் முன்பே அளவு குறைந்திருக்கும்.

கம்பளி சுருங்குவது வேறு காரணத்தால்: இழையின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டி இறுகுகின்றன. நெருக்கி வைத்தாலும் அது நிற்காது. விஸ்கோஸ் தண்ணீரில் பருத்தியைவிட வெகு அதிகமாகப் பருக்கும்; எந்திர நெருக்கம் மட்டும் அதற்குப் போதாது, ரெசின் என்ற பிசின் ஏற்றமும் வேண்டும். ஈரத்தில் அதன் வலிமை குறைவதால் முறுக்கிப் பிழியவே கூடாது. பாலியெஸ்டர் தண்ணீருக்குச் சுருங்காது, சூட்டுக்குச் சுருங்கும். ஸ்டென்டரில் 180 முதல் 200 டிகிரி வரை சூடேற்றி நிலைப்படுத்துவார்கள். பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணிக்கு முதலில் இந்தச் சூடு, கடைசியில் சான்ஃபரைசிங்.